பீடிக்கு உண்டு, பிராதுக்கு இல்லை

வக்கீல் ஆபீஸில் டைப் அடிக்கும் பெண்ணுக்கு என்ன குறை? இந்தியாவின் அத்தனை சட்டங்களும் அவள் தலைக்கு மேல் பலகையில் வரிசையாக நிற்கின்றன. வாரம் ஒரு முறை இறக்கித் தூசி தட்டுவதும் அவள்தான். சட்டத்தோடு இத்தனை நெருக்கமாக வாழும் பாக்கியம் வேறு எந்தத் தொழிலாளிக்கு வாய்த்திருக்கிறது? பலகையிலிருந்து ஒரு சட்டமாவது இறங்கி அவள் நாற்காலி வரை வருமா என்று மட்டும் கேட்கக் கூடாது.

அவளுக்குப் பெயர் வேண்டாம். தமிழ்நாட்டில் எந்தத் தாலுகா கோர்ட்டுக்கு எதிர்த்த தெருவிலும் அவள் இருப்பாள். தென்காசிப் பக்கத்துக் கிராமம் என்று வைத்துக்கொள்வோம். டைப்ரைட்டிங்கில் தமிழும் இங்கிலீஷும் ஹையர் பாஸ். அதாவது நிமிடத்துக்கு நாற்பத்தைந்து வார்த்தை. கட்டிக்கொண்டவன் திருப்பூருக்கு வேலைக்குப் போனவன், அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். மடியில் ஒரு பெண் குழந்தை. காலை ஒன்பதரைக்கு வாசல் தெளித்து, சாமி படத்துக்குப் பூ வைத்து, கட்டுகளைத் தேதிவாரியாக எடுத்து வைத்து, பிராது, பதிலுரை, வக்காலத்து, நகல் மனு எல்லாம் அடித்து, இ-ஃபைலிங்கில் ஏற்றி, ரிட்டர்ன் ஆனதைச் சரிசெய்து மறுபடி ஏற்றி, இரவு கடைசி பஸ்ஸுக்கு ஓடுவாள். ஞாயிற்றுக்கிழமை லீவு இல்லை. அன்றைக்குத்தான் கட்சிக்காரர்கள் சாவகாசமாக வருவார்கள்.

சம்பளமா? கவரில், ரொக்கமாக, சீனியருக்கு ஞாபகம் வரும் தேதியில். வேலை நியமனக் கடிதம் கேட்டால் சீனியருக்கு மனசு வலிக்கும். “என்னம்மா நீ, நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி இருக்க, லெட்டர் எல்லாம் கேக்கற?” உண்மைதானே. வீட்டுப் பெண்ணுக்கு யாராவது சம்பளச் சீட்டு கொடுப்பார்களா? காபி போடச் சொல்வார்கள். பிள்ளைகளை டியூஷனிலிருந்து அழைத்து வரச் சொல்வார்கள். அந்த வீட்டில் சொத்து பிரிக்கும்போது மட்டும் அவள் டைப்பிஸ்ட் ஆகிவிடுவாள்.

இனி சட்டத்துக்கு வருவோம். நம் தொழிலாளர் சட்டங்களுக்கு ஒரு குலதெய்வம் உண்டு. அதன் பெயர் பத்து. மகப்பேறு விடுப்பு 26 வாரம் என்று 2017-ல் நாடே பெருமைப்பட்டது. கடை, நிறுவனம் என்றால் பத்துப் பேர் இருக்க வேண்டும். பணிக்கொடைக்கும் பத்து. ஈஎஸ்ஐ மருத்துவத்துக்கும் பத்து. பி.எஃப். இன்னும் ஒரு மாடி உயரம், இருபது. நம் ஆபீஸில் ஒரு சீனியர், இரண்டு ஜூனியர், ஒரு குமாஸ்தா, இவள். ஜூனியர்கள் ஊழியர்களே அல்ல, கற்றுக்கொள்பவர்கள். ஆக மொத்தம் இரண்டு தலை. சட்டம் வாசல்வரை வந்து எண்ணிப் பார்த்துவிட்டு, செருப்பைக் கூடக் கழற்றாமல் திரும்பிப் போய்விடும்.

எண்ணிக்கையை விடுங்கள், வக்கீல் ஆபீஸ் என்பது முதலில் ஒரு நிறுவனமா? இந்த மகத்தான கேள்விக்கும் விடை இருக்கிறது. கேரளத்தில் ஒரு வக்கீல் நிறுவனத்தின் குமாஸ்தாவை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அவர் கடைகள், வணிக நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் நியாயம் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். 1984-ல் தீர்ப்பு வந்தது: வக்கீல் ஆபீஸ் கடையும் அல்ல, வணிக நிறுவனமும் அல்ல. அதற்கு முன்பே, 1978-ல், பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் ‘தொழில்’ என்ற வலையை ஆஸ்பத்திரி, கல்லூரி எல்லாம் விழும் அளவுக்கு அகலமாக விரித்தார். அந்த வலையிலும் ஒரு கண் பெரிதாக விடப்பட்டது. ஓரிரு உதவியாளரை வைத்துத் தனியாகத் தொழில் பார்க்கும் வக்கீல் அதன் வழியாக நழுவிக்கொள்ளலாம். வாதிட்டவர்கள் வக்கீல்கள். தீர்ப்பளித்தவர்கள் முன்னாள் வக்கீல்கள். பலன் பெற்றவர்களும் வக்கீல்கள். வழக்கு இவ்வளவு சுமுகமாக முடிவதைக் கட்சிக்காரர்கள் கனவிலும் கண்டதில்லை.

இப்போது அவளுடைய அம்மாவைப் பாருங்கள். கைநாட்டு. மடியில் தட்டை வைத்து, இலை வெட்டி, தூள் வைத்து, நாற்பது வருடம் திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றியவள். முதலாளி முகத்தைப் பார்த்ததில்லை. வேலை செய்த இடம் அவளுடைய சொந்த வீடு. இவளையெல்லாம் தொழிலாளி என்று சொல்லலாமா? சொல்லலாம் என்றது 1966-ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம். வீட்டில் சுற்றினாலும் தொழிலாளிதான், மகப்பேறு உதவியும் உண்டு என்றது. 1976-ல் நலநிதிச் சட்டம் வந்தது. வீட்டில் சுற்றுகிறவளுக்கு பி.எஃப். எதற்கு என்று முதலாளிகள் வழக்குப் போட்டார்கள். உண்டு என்று 1985-ல் உச்ச நீதிமன்றம் அடித்துச் சொன்னது. வக்கீல் குமாஸ்தா தோற்றதற்கு அடுத்த ஆண்டு, அதே நீதிமன்றம்.

அந்த நலநிதியின் உதவித்தொகையில்தான் மகள் நோட்டு வாங்கிப் படித்தாள். “இந்தத் தூளும் இருமலும் என்னோடு போகட்டும், நீ ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து வேலை பார்” என்று அம்மா படிக்க வைத்தாள். மகள் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்துவிட்டாள். அம்மாவுக்கு அட்டை இருந்தது, பி.எஃப். எண் இருந்தது, கழிவு என்று பீடியை ஒதுக்கினால் கூடிக் கத்த ஒரு சங்கம் இருந்தது. மகளுக்கு ஃபேன் இருக்கிறது. கல்வி கண்ணைத் திறக்கும் என்று சொன்னவர்கள், திறந்த கண்ணால் எதைப் பார்ப்பது என்று சொல்லவில்லை.

அவளுடைய ஜீவனாம்ச வழக்கு தனிக் காவியம். இந்த மனுவை மற்ற பெண்களுக்காக அவள் தூக்கத்திலும் அடிப்பாள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 125, இப்போது புதிய சட்டத்தில் 144. நோட்டீஸ் சார்வு ஆன 60 நாளில் இடைக்கால ஜீவனாம்சத்தை முடிக்கப் பார்க்க வேண்டும் என்பது 2001-லிருந்து சட்டத்தில் இருக்கிறது. 2002-ல் ஒரு மனைவி போட்ட மனு 2011-ல்தான் முடிந்தது என்று உச்ச நீதிமன்றமே 2014-ல் வேதனைப்பட்டது. வேதனைப்படுவதில் நம் நீதிமன்றங்கள் தாமதம் செய்வதில்லை.

இவள் மனுவைச் சீனியர் ஃபீஸ் வாங்காமலே போட்டுக் கொடுத்தார். தர்மவான். சிக்கல் ஒரே இடத்தில் வந்தது. 2020-ன் ரஜ்னேஷ் – நேஹா தீர்ப்புப்படி இரு தரப்பும் வருமானத்தைப் பிரமாண வாக்குமூலத்தில் சொல்ல வேண்டும். அவள் வாங்கும் தொகையை எழுதினால் நீதிபதி கண்ணில் படும். கொடுப்பவர் யார் என்று எழுதினால் கோர்ட் முழுக்கச் சிரிக்கும். சீனியர் கொஞ்ச நேரம் யோசித்தார். “தையல் வேலைன்னு போட்டுரும்மா.” போட்டாள். சத்தியமாகச் சொல்வதெல்லாம் உண்மை என்ற வரியையும் அவளேதான் அடித்தாள். அது ரெடிமேடாக வேறொரு ஃபைலில் இருந்தது.

அரசும் சும்மா இருக்கவில்லை. கைவிடப்பட்ட மனைவிக்கு உதவித்தொகை உண்டு. வயது முப்பது ஆக வேண்டும். கைவிட்டு ஐந்து வருடம் ஆகியிருக்க வேண்டும், அல்லது கோர்ட்டில் பிரிவுச் சான்று வாங்கியிருக்க வேண்டும். நான்கு வருடம் பதினோரு மாதம் கைவிட்டால் அது வெறும் பிணக்கு. குழந்தை அதுவரை பசியைத் தள்ளி வைக்க வேண்டும். வாய்தா வாங்கப் பழகிக்கொள்வது பிற்கால வாழ்க்கைக்கு நல்லதுதானே.

அத்துமீறல் நடந்தால்? பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டம் இருக்கிறது. பத்துப் பேருக்குக் கீழே என்றால் மாவட்ட உள்ளூர்க் குழுவுக்கு மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தாராளமாகத் தரலாம். கம்ப்யூட்டர் சீனியருடையது, பிரிண்டர் சீனியருடையது, அந்த ஊரில் அவளுக்காக வாதாட வேண்டியவர்கள் அத்தனை பேரும் மாலையில் சீனியரோடு டீ குடிப்பவர்கள்.

2024 ஜூனில் ஒரு நல்லது நடந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவை ஒட்டி, ஜூனியர் வக்கீல்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் குறைந்தபட்சம் தர வேண்டும் என்று பார் கவுன்சில் சுற்றறிக்கை விட்டது. மகிழ்ச்சி. கறுப்புக் கோட்டுக்கும் வயிறு உண்டு என்று கண்டுபிடித்தார்கள். அந்த ஜூனியருக்குப் பிராது எந்தப் பத்தியில் ஆரம்பிக்கும், கோர்ட் ஃபீ எவ்வளவு ஒட்ட வேண்டும், பேட்டா எங்கே கட்ட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்த பெண் அடுத்த நாற்காலியில்தான் இருந்தாள். சுற்றறிக்கையின் கண் கோட்டைத் தாண்டிச் சேலை வரை வரவில்லை.

இதையெல்லாம் மாற்ற நாடாளுமன்றம் கூட வேண்டுமா, அரசியல் சாசனத்தைத் திருத்த வேண்டுமா என்று வக்கீல்கள் சங்கடப்படுகிறார்கள். ஒன்றும் வேண்டாம். ஊர் ஊருக்கு வழக்கறிஞர் சங்கம் இருக்கிறது. கோர்ட்டைப் புறக்கணிக்க ஐந்து நிமிடத்தில் தீர்மானம் போடத் தெரிந்த சங்கம். அதில் நான்கு வரி: நியமனக் கடிதம், வங்கியில் சம்பளம், வாரம் ஒரு நாள் லீவு, ஜூனியருக்குச் சொன்ன தொகை டைப்பிஸ்டுக்கும் உண்டு. பத்துப் பேர் தேவையில்லை, ஒரு மனசாட்சி போதும். அதற்கும் குறைந்தபட்ச எண்ணிக்கை உண்டா என்று கேட்டுச் சொல்லுங்கள்.

தீர்மானத்தை யார் டைப் அடிப்பது என்ற கவலை உங்களுக்கு வேண்டாம். அவள் அடித்துக் கொடுப்பாள், பிழையில்லாமல், போன மாதக் கவர் இன்னும் வரவில்லை என்றாலும்.