பரப்பு, தடிமன், ஒரு பெருக்கல்

மலைக்குள் எவ்வளவு இரும்பு இருக்கிறது, ஊருக்குக் கீழே எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளுக்கும் நாங்கள் புவியியல் படித்த காலத்தில் ஒரே கணக்குதான். பரப்பைத் தடிமனால் பெருக்க வேண்டும். இரும்பென்றால் அதைத் தாதுவின் அடர்த்தியாலும், தண்ணீரென்றால் பாறை விட்டுக்கொடுக்கும் நீரின் விழுக்காட்டாலும் மறுபடி பெருக்க வேண்டும். பெருக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. பெருக்குவதற்கு எண்களைத் தேடி அலைந்ததில்தான் எங்கள் இளமை போயிற்று, அதுவும் எவ்வளவு சுகமாகப் போயிற்று!

சேலத்துக்காரர்களுக்குக் கஞ்சமலையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அமாவாசைக்குச் சித்தர் கோயிலுக்குப் போகிறவர்கள் அண்ணாந்து பார்க்கும் அந்த மலையில் பட்டை பட்டையாகக் கறுத்துத் தெரிவது மேக்னடைட் குவார்ட்சைட் என்னும் இரும்புத் தாதுப் பாறை. புவியியலாளர்கள் கிங்கும் ஃபுட்டும் 1864ஆம் ஆண்டு அறிக்கையிலேயே அதை விவரித்துவிட்டார்கள். அந்தப் பட்டையின்மேல் நின்று திசைகாட்டியைத் திறந்தால் முள் வடக்கை மறந்துவிட்டுக் காலடிப் பாறையைப் பார்க்கத் தொடங்கும். சிறுவயதில் உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தை நூலில் கட்டித் தெருமணலில் இழுத்துக்கொண்டு போனவர்கள், அதில் மயிர்போல் குத்திட்டு நின்ற கறுப்புத் தூளை ஞாபகப்படுத்திக்கொண்டால் போதும், அதே தாதுதான், ஒரு மலையளவுக்கு.

அந்த மலையைக் காகிதத்தில் இறக்குவது எங்கள் வேலை. துளையிட்ட இடங்களை ஒரு கோட்டில் இணைத்துக் குறுக்குவெட்டு வரைவோம். தாதுப் பட்டைக்குச் சிவப்புப் பென்சில், நைஸ் பாறைக்கு இளஞ்சிவப்பு. பிறகு பள்ளியில் இலையை கிராப் தாளில் வைத்து வரைந்து பாதிக்கு மேல் உள்ள கட்டத்தை ஒன்றாக எண்ணினோமே, அதேபோலக் கட்டம் எண்ணுவோம். கொஞ்சம் வசதியான அலுவலகத்தில் பிளானிமீட்டர் இருக்கும். அதன் ஊசியை எல்லைக் கோட்டின்மேல் மூச்சைப் பிடித்துக்கொண்டு நகர்த்தினால், சின்னச் சக்கரம் காகிதத்தில் உருண்டு பரப்பைச் சொல்லும். அம்மோனியா பிரிண்ட் வாசனை சட்டையிலேயே வீட்டுக்கு வரும். மாலையில் அந்த வண்ணப் படத்தைச் சுவரில் மாட்டிவிட்டு எட்ட நின்று பார்க்கும் இளைஞனுக்கு மலையின் உள்ளே போய்வந்த கர்வம் இருந்தது, இருக்க வேண்டியதுதான். ஒவ்வொரு மடிப்பையும் அவன் கை அல்லவா வளைத்தது!

ஆனால் அந்தக் கணக்கில் ஒரு குறை இருந்தது. ஒவ்வொரு துளையைச் சுற்றியும் ஒரு பலகோணம் போட்டு, துளையில் கிடைத்த தரத்தை அந்த எல்லை முழுவதற்கும் கொடுத்துவிடுவோம். அதிர்ஷ்டத்தில் ஒரு துளை வளமான இடத்தில் இறங்கிவிட்டால் சுற்றுவட்டாரம் முழுக்கப் பணக்காரனாகிவிடும். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் இதே கூத்தைப் பார்த்த டேனி கிரிகே, மாதிரியில் வளமாகத் தெரியும் கட்டம் வெட்டும்போது ஏன் அவ்வளவு தருவதில்லை என்று 1951இல் புள்ளியியல் கொண்டு விளக்கினார். பாரிஸில் ஜார்ஜ் மாத்தரோன் அதை 1960களில் முழுமையான கணிதமாக்கி, கிரிகேயின் பெயரையே அந்த முறைக்கு வைத்தார். தூரத்துச் சொந்தக்காரன் சொல்வதைவிடப் பக்கத்து வீட்டுக்காரன் சொல்வதற்கு எடை அதிகம் என்று நாம் வைத்திருக்கும் வழக்கம்தான் கிரிகிங்கின் அடிப்படை. எவ்வளவு தூரத்துக்குப் பேச்சை நம்பலாம் என்பதை வேரியோகிராம் என்ற வரைகோடு சொல்லிவிடும்.

இந்தக் கணக்குக்குக் கணினி வேண்டும்; 1973இல் ஐஐடி மெட்ராஸுக்கு ஐபிஎம் 370 வந்திருந்தது. ஃபோர்ட்ரானில் எழுதி, அட்டையில் ஓட்டை போட்டு, ரப்பர் பேண்ட் சுற்றிக் கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் காலம் அது. அந்தக் காத்திருப்பில்தான் மரத்தடியில் உட்கார்ந்து எங்கள் எண்களைப் பற்றிச் சண்டை போட்டோம். இன்றைக்கு மடிக்கணினியில் மலை கனசதுரங்களாகப் பிரிந்து, விரலால் சுழற்றினால் சுழலுகிறது. எனக்கு அதில் மனக்குறை இல்லை; இத்தனை டன் என்று சொல்வதோடு, எவ்வளவு பிசகலாம் என்றும் அது சொல்கிறது. பிளானிமீட்டர் ஒருநாளும் அதைச் சொன்னதில்லை. இத்தனை கணக்குக்குப் பிறகும் கஞ்சமலைத் தாது கஞ்சமலையிலேயே இருக்கிறது. சேலம் உருக்காலையும் அந்தத் தாதுவை உருக்க வராமல், நம் வீட்டு எவர்சில்வர் ரகத் தகடு உருட்டும் ஆலையாக 1980களின் தொடக்கத்தில் வந்தது.

இரும்பு இப்படி இருந்த இடத்தில் இருக்கும். தண்ணீர்க் கணக்கை வருடா வருடம் புதிதாகப் போட வேண்டும்.

கிணற்று நீரை இறைத்து மட்டம் இறங்குவதை அளக்கும் பம்பிங் டெஸ்ட் என்றால் கிணற்றடியில் ஒரு முழுநாள். டீசல் என்ஜின் ஓடும். சாக்பீஸ் தடவிய இரும்பு டேப்பை இறக்கி, நனைந்த இடம் வரை படித்து நீர்மட்டத்தைக் கத்திச் சொல்ல ஒருவர், கடிகாரம் பார்க்க ஒருவர், எழுத ஒருவர். மதியம் கிணற்றுக்காரர் வீட்டிலிருந்து மோர் வரும். ராத்திரி லாட்ஜில், சார்லஸ் தைஸ் 1935இல் கொடுத்த வளைகோட்டின்மேல் எங்கள் புள்ளிகள் உள்ள டிரேசிங் தாளை வைத்து, அச்சுகள் கோணாமல் நகர்த்தி நகர்த்திப் பொருத்துவோம். நான் பொருத்தினால் ஒரு விடை, நண்பர் பொருத்தினால் வேறொரு விடை. இப்போது மென்பொருள் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரே விடையைத் தருகிறது. அன்றைக்கும் கிணற்றுக்காரர் கேட்பதற்கு முன்பே விடையை வைத்திருந்தார்: "ரெண்டு மணி நேரம் ஓடும் சார், அப்புறம் ராத்திரி பூரா ஊறணும்."

ஒவ்வொரு கிணறும் எவ்வளவு ஓடுகிறது என்று அவர் சொன்னதுபோல மணிக்கணக்கில் தெரிந்துவிட்டால் இன்றைய கணினிக்கும் பெரிய உபகாரம். ஒன்றியவாரியாகவோ பிர்க்காவாரியாகவோ போடும் மதிப்பீட்டில், எடுத்த நீரையும் ஊறிய நீரையும் ஒப்பிட்டுத்தான் 'பாதுகாப்பானது' முதல் 'அதிநுகர்வு' வரை முத்திரை குத்துகிறார்கள். விவசாய மின்சாரம் இலவசம். எண்ணற்ற பம்புகளுக்கு மீட்டர் கிடையாது. எடுத்த நீர், கிணற்றின் எண்ணிக்கையைச் சராசரியால் பெருக்கி வருவது. 2002இல் ஏவிய கிரேஸ் இரட்டைச் செயற்கைக்கோள்கள் பூமியின் ஈர்ப்பை அளந்து, வட இந்தியாவின் நிலத்தடி நீர் வற்றுவதையே காட்டிவிட்டன. ஆனால் அவற்றின் பார்வை சில நூறு கிலோமீட்டர் அகலமாக இருந்தது, ஒரு பிர்க்கா அதில் தெரிந்ததில்லை.

ஊறிய நீரிலும் சிக்கல் உண்டு. 1997ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, பாறை விட்டுக்கொடுக்கும் நீர், சிதைந்த கிரானைட்டிலும் நைஸிலும் களி குறைவென்றால் 3 விழுக்காடு, களி அதிகமென்றால் 1.5. நூறு சதுர கிலோமீட்டரில் நீர்மட்டம் நான்கு மீட்டர் ஏறியது என்று வையுங்கள்: ஒன்றுக்கு 1 கோடியே 20 லட்சம் கன மீட்டர், மற்றதற்கு 60 லட்சம். ஒரு ஊரின் தண்ணீரே பாதியாகிவிடுகிறது. அந்த எண்ணைக் கணினி கண்டுபிடிப்பதில்லை; யாரோ தட்டச்சு செய்கிறார்கள்.

சென்ற மாதம் ஓமலூர்ப் பக்கத்திலிருந்து இளம் புவியியலாளர் ஒருவர் போனில் கேட்டார்: "சார், இங்க 1.5 போடவா, 3 போடவா?" இறங்கிப் பார்க்கத் திறந்த கிணறு இருக்கிறதா என்றேன். எல்லாவற்றையும் மூடிவிட்டார்களாம்; பக்கத்துத் தோட்டத்தில் போர் போட்டுக்கொண்டிருக்கிறார்களாம். முதல் அறுபது அடிக்கு வெளியே வந்த தூளை ஒரு கைப்பிடி எடுத்து, தண்ணீர் விட்டுப் பிசைந்து, உள்ளங்கையில் திரிபோல் உருட்டிப் பார்க்கச் சொன்னேன். பின்னால் கம்ப்ரசர் அலறிக்கொண்டிருந்தது.

"உடையாம நீளமா வருது சார்."

"அப்ப 1.5 போடும்மா. அடுத்த தோட்டத்துலயும் ஒரு தடவ உருட்டிப் பாத்துடு."