எரியாத திரைச்சீலை, எரியும் சேலை

நட்சத்திர ஓட்டல் திரைச்சீலை பாலியெஸ்டர். நெருப்பைக் காட்டினால் சுருங்கும். நெருப்பை எடுத்தால் தானே அணைந்துவிடும். விருதுநகர் மாவட்டத்து ஏழாயிரம்பண்ணைப் பக்கம் விடிந்ததும் பட்டாசு ஆலை வேனில் ஏறும் பெண்ணின் சேலையிலும் பாலியெஸ்டர்தான். அது எரியும். உருகும். உருகியது உடம்பில் ஒட்டும். உரித்தால் தோலோடுதான் வரும்.

எரியாமல் செய்வது புது வித்தை அல்ல. இழை உருவாகும்போதே பாஸ்பரஸ் சேர்மம் ஒன்றை அதன் மூலக்கூறில் கோத்துவிடுகிறார்கள். துவைத்தாலும் போகாது. ஜெர்மனியின் டிரெவிரா இதில் பேர்போன நிறுவனம். 2004-ல் அதை வாங்கியது நம் ரிலையன்ஸ். பிறகு கைமாறியது வேறு கதை. எரியாத நூல் மும்பை வரைக்கும் வந்தது. சாத்தூர் பஸ்ஸைத்தான் அது பிடிக்கவில்லை.

பாஸ்பரஸ் இந்த வட்டாரத்துக்கு அந்நியமா? தீப்பெட்டியின் பக்கவாட்டுப் பூச்சில் இருப்பது சிவப்பு பாஸ்பரஸ். தீ மூட்டும் பாஸ்பரஸ் நமக்கு. தீ அணைக்கும் பாஸ்பரஸ் ஓட்டல் ஜன்னலுக்கு. பங்கீட்டில் ஒரு குறையும் இல்லை.

எரியாத துணி செய்கிறவர்கள் எல்லாம் யோக்கியர்களும் அல்ல. அமெரிக்காவில் 1970-களில் குழந்தைகளின் இரவு உடுப்பில், தீப்பிடிக்காமல் இருக்க, டிரிஸ் என்ற புரோமின் ரசாயனத்தை ஏற்றினார்கள். அது மரபணுவைக் கெடுக்கும் என்று 1977-ல் விஞ்ஞானிகள் அர்லீன் பிளமும் புரூஸ் ஏம்ஸும் எழுதினார்கள். அதே ஆண்டு தடை வந்தது. தேங்கிய சரக்கை எரித்தார்களா? வெளிநாட்டுக்கு விற்றார்கள். ஏற்றுமதிக்குத் தடை வர இன்னோர் ஆண்டு ஆனது. சொந்தப் பிள்ளைக்கு ஆகாதது ஊரார் பிள்ளைக்கு ஆகும்.

இதைப் படித்துவிட்டு எந்த அதிகாரியாவது, 'பட்டாசுத் தொழிலாளருக்கு எரியாத சீருடை' என்று கோப்பு போட்டுவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. டெண்டர் வரும். கமிஷன் வரும். மேடையில் பத்துப் பேருக்குச் சீருடை கொடுத்து போட்டோ எடுப்பார்கள். ஐயா, அந்தத் துணி சிகரெட் நெருப்புக்குத் தாங்கும். அலுமினியத் தூளும் வெடியுப்பும் கந்தகமும் கலந்த மருந்துக்குத் தாங்காது. அது காற்றுக்குக் காத்திருக்காது; தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தன்னிடமே வைத்திருக்கிறது. அறையே தரைமட்டமாகும்போது சீருடை யாரைக் காக்கும்? போதாததற்கு, பாலியெஸ்டர் உரசினால் மின்னூட்டம் ஏறும். மருந்து அறையில் அந்த ஒரு பொறி போதும். அதனால்தான் பருத்தி உடுத்தச் சொல்கிறார்கள். சொல்கிறவர்கள் பருத்திச் சேலை வாங்கித் தருவதில்லை. கூலியை எண்ணி வாங்குகிறவள், மலிவான சேலையைத்தான் கட்டுவாள்.

2021 பிப்ரவரி 12. ஏழாயிரம்பண்ணை அருகே அச்சங்குளத்தில் பட்டாசு ஆலை வெடித்தது. 20 பேருக்கு மேல் செத்தார்கள். பிரதமர் 2 லட்சம் அறிவித்தார், முதல்வர் 3 லட்சம். பசுமைத் தீர்ப்பாயம் உயிருக்கு 20 லட்சம் என்றது. பிழைத்தவர்களுக்கு உடம்பு எத்தனை சதவீதம் வெந்தது என்று பார்த்துத் தொகை. இந்த நாட்டில் தீக்காயத்துக்கு விலைப்பட்டியல் தெளிவாக இருக்கிறது. கூலிக்குத்தான் தெளிவில்லை.

காரணம் என்ன? உராய்வு. எப்போதும் உராய்வுதான். அதற்கு முகவரி இல்லை, கட்சி இல்லை, முன்ஜாமீன் கேட்காது. இதைவிட வசதியான குற்றவாளி உண்டா? ஆனால் அந்த ஆலை உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்தது என்ற பேச்சும் கூடவே வெளியே வந்தது. உரிமம் ஒருவர் பெயரில். மருந்து இன்னொருவர் கையில். அறைக்கு இத்தனை பேர், இத்தனை கிலோ என்ற விதி நாக்பூரில், வெடிபொருள் அலுவலகத்துக் காகிதத்தில். குத்தகைப் பணத்தை எடுக்க வேண்டியவனுக்கு அந்தக் காகிதம் எதற்கு? ஒரு சேலைக்குப் பதில் இன்னொரு சேலை கட்டினால் இது தீராது.

2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்துக் குறைந்தது 38 பேர் செத்தார்கள். அப்போதும் மந்திரிகள் வந்தார்கள், அனுதாபம் சொன்னார்கள், போனார்கள்.

அடுத்த முறை மாலையோடு காரிலிருந்து இறங்குகிறவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: வெடித்த அன்று இந்த ஆலையை நடத்திக்கொண்டிருந்தவன் பெயர் என்ன? உராய்வு என்று சொன்னால், விடாதீர்கள்.