வெங்காயக் கலர் பட்டம்

மெல்பர்ன் புறநகரான டார்னெய்ட்டில் ஒரு வீட்டுப் படுக்கையறைக் கதவில், பிளாஸ்டிக் உறைக்குள், கறுப்பாக ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் பேத்திக்குப் பட்டமளிப்பு. அதற்காகவே மதுரையிலிருந்து விமானம் ஏறி வந்திருந்த தாத்தா மெல்ல அதன் பக்கம் போனார். விளக்குத்தூண் அருகே ஒரு ஜவுளிக்கடையில் முப்பத்தைந்து வருடம் புடவை விரித்துப் போட்ட கை சும்மா இருக்குமா? உறையை விலக்கினார். துணியின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து ஒரே ஒரு தேய்ப்பு.

“பாலியெஸ்டர்.”

“வாடகை அங்கிதான் தாத்தா. நாளைக்குச் சாயங்காலமே திருப்பிக் குடுத்துடணும்.”

இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தவள் கதை பாட்டிக்கு ஞாபகம் வந்தது. வந்ததை அடக்கிவைக்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

அங்கிக்குப் பக்கத்தில் முக்கோணமாக மடங்கிய துணி ஒன்றும் தொங்கியது. ஹூட். முதுகில் வழிய விட்டுக்கொள்வது. முந்தானையைப் பிரிக்காமல் புடவையைப் பற்றிப் பேசக் கூடாது என்பது தாத்தாவின் தொழில் தர்மம். ஆகவே அதன் உள்துணியை வெளியே இழுத்து ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார். கடை ட்யூப்லைட்டில் கலர் பார்ப்பவன் ஏமாளி. வாசலுக்கு வந்து பார்ப்பவன்தான் வாடிக்கையாளன்.

“வெங்காயக் கலர்” என்று தீர்ப்பு வந்தது.

பேத்தியின் முகம் வாடிவிட்டது. மூன்று வருடம் நர்சிங் படித்து, இரவு ஷிப்ட் பார்த்து, கடைசியில் வெங்காயமா? “ரோஸ்னு சொல்லுங்க தாத்தா.” ரோஸ் வேறு, வெங்காயம் வேறு என்று அவர் விளக்க ஆரம்பித்தபோது அம்மா குறுக்கிட்டு, “அப்பா, அதுக்கு என்ன அர்த்தம்னு கேளுங்க, அதான் முக்கியம்” என்றாள். கேட்டார். பேத்திக்குத் தெரியவில்லை. “ஒவ்வொரு கோர்ஸுக்கும் ஒரு கலர்” என்பதோடு அவள் அறிவு நின்றது. மாப்பிள்ளை ஐ.டி.க்காரர்; அவர் பட்டம் வாங்கியபோது என்ன கலர் போட்டார் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

இந்த ஹூட் ஒரு காலத்தில் நிஜமாகவே தலையில் போடுகிற முக்காடு. ஐரோப்பாவின் பழைய பல்கலைக்கழகங்களில் படித்தவர்கள் பெரும்பாலும் மதகுருக்கள் அல்லது குருவாகப் போகிறவர்கள். கட்டடங்களோ கல். குளிர் எலும்பைத் தொடும். 1222-இல் ஆக்ஸ்ஃபோர்டில் கூடிய திருச்சபை மன்றத்தில் பேராயர் ஸ்டீஃபன் லாங்டன், குருமார்கள் முன்பக்கம் மூடிய நீண்ட அங்கி அணிய வேண்டும் என்று விதித்தார். 1321-இல் போர்ச்சுகலின் கோயிம்ப்ரா பல்கலைக்கழகம் பட்டதாரிகள் அங்கி போட்டே ஆக வேண்டும் என்றது. குளிருக்குப் போட்டது மரியாதைக்கு ஆகி, மரியாதைக்குப் போட்டது புகைப்படத்துக்கு ஆகி, எண்ணூறு ஆண்டு கழித்து டிசம்பர் மாத டார்னெய்ட்டின் 38 டிகிரி வெயிலில் வந்து தொங்குகிறது.

இந்த வெயில் விஷயத்தில் சென்னைக்கு அனுபவம் அதிகம். மெட்ராஸ் பல்கலைக்கழகம் 1857-இல் தொடங்கியது. அதன் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவருமே யாழ்ப்பாணத்துக்காரர்கள். ஒருவர் பின்னாளில் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் அச்சேற்றிய சி.வை.தாமோதரம்பிள்ளை. ஆக, பட்டம் வாங்கக் கடல் தாண்டிப் போவது தமிழனுக்கு டார்னெய்ட்டில் தொடங்கிய வழக்கமில்லை.

கலருக்கு அர்த்தம் என்று ஒன்றை எழுதி வைத்தவர்கள் அமெரிக்கர்கள். எழுத வைத்தவர், கேட்டால் தாத்தாவுக்கு மீசை துடிக்கும், ஓர் உடைக்கடைக் குடும்பத்துப் பையன். பெயர் கார்ட்னர் காட்ரெல் லெனார்ட், ஊர் நியூயார்க் மாநிலத்து ஆல்பனி. 1887-இல் தான் படித்த வில்லியம்ஸ் கல்லூரி வகுப்புக்கு அங்கி வடிவமைத்துக் கொடுத்தவர், அதையே தொழிலாக்கிக்கொண்டார். 1895-இல் அமெரிக்கக் கல்லூரிகள் கூடி அங்கி விதி வகுத்தபோது ஆலோசனை சொன்னவர்களில் அவர் முக்கியமானவர். ஊருக்கெல்லாம் ஒரே விதி, தைக்கத் தயாராக ஒரு கடை. மாப்பிள்ளை இதைப் படித்துக் காட்டியதும் தாத்தா தொடையில் தட்டினார். “யாவாரின்னா அவன்தான் யாவாரி!”

அந்த அமெரிக்கப் பட்டியலை வாசிக்க வாசிக்க வீட்டில் காப்பி ஆறியது. கலைக்கு வெள்ளை, அறிவியலுக்குப் பொன் மஞ்சள், மருத்துவத்துக்குப் பச்சை (மூலிகை இலை நினைவாக என்பார்கள்), சட்டத்துக்கு ஊதா, பொறியியலுக்கு ஆரஞ்சு, இசைக்கு இளஞ்சிவப்பு. விவசாயத்துக்கு மக்காச்சோளக் கலர். அதிலாவது நியாயம் தெரிகிறது. நர்சிங்குக்கு ஆப்ரிகாட் பழ நிறம். வணிகவியலுக்குப் போட்டிருந்ததுதான் அநியாயம்: மண்ணும் இல்லாத, சாம்பலும் இல்லாத ஒரு மங்கல் பழுப்பு. பி.காம். படித்த அம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. காசு எண்ணுகிறவர்களுக்கு அழுக்குத் தெரியாத கலர் கொடுத்திருக்கிறார்கள் என்று தாத்தா சமாதானம் சொன்னார்.

ஆனால் இந்தப் பட்டியலை நம்பி யாரும் லண்டன் போகக் கூடாது. அங்கே லண்டன் பல்கலைக்கழகத்தின் கணக்கே வேறு. மருத்துவத்துக்கு ஊதா. சட்டத்துக்கு நீலம். பச்சை, கல்வியியலுக்கு. அமெரிக்காவில் கலைக்காரர் போடும் வெள்ளையை லண்டனில் இசைக்காரர் போடுகிறார். எல்லாவற்றையும் விட மோசம் வெளிர் ஊதா: அமெரிக்காவில் அது பல் மருத்துவம், லண்டனில் கால்நடை மருத்துவம். அமெரிக்கப் பல் டாக்டர் அதே ஹூட்டோடு லண்டனில் இறங்கினால் மாட்டைப் பிடித்துக்கொண்டு எதிரில் நிற்பார்கள்.

ஆஸ்திரேலியாவிலும் பொது விதி கிடையாது. சிட்னி பல்கலைக்கழகம் 1850-இல் பிறந்தது, மெல்பர்ன் 1853-இல், மோனாஷ் 1958-இல். ஒவ்வொன்றும் தன் அங்கியைத் தானே தீர்மானித்துக்கொள்கிறது. ஒரே தெருவில் இரண்டு நர்சுகள், இரண்டு கலர். இதில் அர்த்தம் தேடுவது, பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் ஏன் பச்சை வெற்றிலைப்பை, நம் வீட்டில் ஏன் மஞ்சள் என்று ஆராய்வதற்குச் சமம்.

அர்த்தத்தில் விட்டுக்கொடுத்தாலும் நிறத்தில் இவர்கள் கறார். அதற்குக் காரணம் ஒரு புத்தகம். பிரிட்டிஷ் கலர் கவுன்சில் 1934-இல் ஒரு நிற அகராதி வெளியிட்டது. 220 நிறங்கள், ஒவ்வொன்றுக்கும் பெயர், எண், கூடவே அசல் பட்டு ரிப்பனில் ஒரு துண்டு. பல ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்கள் தங்கள் ஹூட் நிறத்தை இன்றைக்கும் அந்த எண்ணைச் சொல்லித்தான் குறிக்கின்றன. ‘மயில் நீலம்’, ‘செர்ரி’, ‘நசுக்கிய ஸ்ட்ராபெர்ரி’ என்றெல்லாம் பெயர்கள்.

தாத்தா மறுபடியும் வெள்ளைக்காரனை மதித்தார். சாம்பிள் துண்டு ஒட்டிக் கொடுத்திருக்கிறான் என்றால் அவன் தொழில் தெரிந்தவன். “மயில் கழுத்துன்னு நாம சொல்றதை அவனும் மயில்னுதான் சொல்றான் பாரு. ஸ்ட்ராபெர்ரியை நசுக்கிக் கலருக்கு வைக்கலாம், நான் வெங்காயம்னா மட்டும் உனக்குக் கோவம் வருது.” பேத்தியிடம் இதற்குப் பதில் இல்லை. மாம்பழம், அரக்கு, கிளிப்பச்சை, வாடாமல்லி, கத்திரிப்பூ என்று காய்கறிக்கடையையும் பூக்கடையையும் காட்டையும் சேர்த்துக் கலருக்குப் பெயர் வைத்த ஜவுளிக்கடைக்காரர்களை வைத்து யாரும் அகராதி போடவில்லை. பாடகி எம்.எஸ்.சுப்புலட்சுமி பெயரில் ஒரு நீலம் இருக்கிறது. எண் கிடையாது, சொன்னால் எல்லாக் கடையிலும் எடுத்துப் போடுவார்கள்.

டார்னெய்ட் என்ற பெயரே ஒரு கலர். வாதாவுரங் பழங்குடி மொழியில் ‘வெள்ளை’ என்ற சொல்லிலிருந்து வந்தது. அந்த ஊரின் இன்றைய கூரைகள் மட்டும் வரிசையாகக் கரும்சாம்பல். தகரக் கூரை விற்பவர்கள் அந்தக் கலருக்கு ‘மானுமென்ட்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அதைக் கேட்டுவிட்டுத் தாத்தா அரைமணி நேரம் வாசலிலேயே நின்று கூரைகளை எண்ணினார்.

மறுநாள் ரயில். 2015-இல் ஸ்டேஷன் வந்த பிறகு டார்னெய்ட்காரர்களுக்கு நகரம் கிட்டத்தில். மெல்பர்ன் பல்கலைக்கழகம் 1880-இல் எழுந்த ராயல் எக்ஸிபிஷன் கட்டடத்தில் பட்டம் கொடுக்கும், ஆர்.எம்.ஐ.டி. கால்பந்து மைதானத்திலேயே கொடுத்துவிடும். பேத்திக்குக் கிடைத்தது ஓர் ஏ.சி. மண்டபம்.

அங்கே ஒரு பிரச்சினை. ஹூட்டின் முன்புறத்தில் சின்னக் கயிற்று வளையம் இருக்கும். அதைச் சட்டைப் பொத்தானில் மாட்ட வேண்டும். மாட்டாவிட்டால் பின்பக்கமாக இழுத்துக் கழுத்தை நெரிக்கும். பேத்தி கட்டியிருந்ததோ பட்டுப்புடவை. பொத்தானுக்கு எங்கே போவது? பாட்டி தன் தாலிக்கொடியைத் துழாவி இரண்டு ஊக்குகளை எடுத்தார். அதைப் பார்த்துப் பின்னால் நின்ற பஞ்சாபிப் பெண் தனக்கும் ஒன்று கேட்டாள். அப்புறம் ஒரு வியட்நாம் பெண். கொடியில் மொத்தம் ஆறு இருந்தன. மேடை ஏறும் முன் ஆறும் தீர்ந்தன.

சிவப்பு அங்கியில் முனைவர்கள் வந்தார்கள். அந்தக் கருஞ்சிவப்பைப் பழைய ஐரோப்பா உலர்ந்த பூச்சிகளை இடித்து எடுத்தது. மன்னாரிலும் ராமேஸ்வரத்துப் பக்கமும் நம்மவர்கள் மணலில் சாயவேர் தோண்டிச் சிவப்பு எடுத்தார்கள். தாத்தா இதைப் பக்கத்து இருக்கைக்காரருக்குத் தமிழிலேயே விளக்கினார். அவரும் தலையாட்டினார்.

ஒரு மாணவர் கழுத்தில் கறுப்பு, மஞ்சள், சிவப்பில் ஒரு சால்வை. ஆஸ்திரேலிய ஆதிகுடி மாணவர்கள் அணிவது. 1971-இல் ஹாரல்ட் தாமஸ் வரைந்த அவர்கள் கொடியின் நிறங்கள்: கறுப்பு மக்கள், மஞ்சள் சூரியன், சிவப்பு மண். கைதட்டல் பலமாக எழுந்தது. “இதுக்கு விளக்கம் கேட்க வேண்டியதில்லை” என்றார் தாத்தா.

இந்தியாவில் இந்த அங்கிக்கு எதிர்ப்பும் உண்டு. 2010-இல் போபால் வன மேலாண்மை நிறுவனத்தின் பட்டமளிப்பில் அன்றைய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் மேடையிலேயே அதைக் கழற்றினார். காலனிய மிச்சம் என்றார். 2024-இல் மத்திய சுகாதார அமைச்சகம், எய்ம்ஸ் போன்ற கல்லூரிகள் உள்ளூர் மரபுப்படி உடை வகுக்க வேண்டும் என்று கடிதம் போட்டது. அந்த உடை கைத்தறி என்றால் தாத்தாவின் ஓட்டு எப்போதும் உண்டு. என்ன பார்டர் என்பதை மட்டும் அதிகாரிகளிடம் விடக் கூடாது என்பார்.

விழா முடிந்ததும் அங்கி குடும்பச் சொத்தானது. அம்மா போட்டாள், படம். மாப்பிள்ளை போட்டார், படம். பாட்டி முதலில் மறுத்துவிட்டு, பிறகு தொப்பியும் கேட்டார்.

திருப்பிக் கொடுக்கும் கவுன்டருக்குத் தாத்தாதான் கொண்டுபோனார். வழியிலேயே அங்கியை மடித்திருந்தார், பட்டுப்புடவை மடிப்பு, ஓரத்தோடு ஓரம் பொருந்தி. கவுன்டர் பையன் நன்றி சொல்லி வாங்கி, பின்னால் இருந்த கம்பி வண்டியில் எறிந்தான். வண்டியில் நூற்றுக்கணக்கில் ஹூட்கள் கலர் கலராகக் கசங்கிக் கிடந்தன. முப்பத்தைந்து வருட சர்வீஸ் அதைப் பார்த்துக்கொண்டு எப்படிப் போகும்? பையன் தடுக்கவில்லை. ஒன்றை உதறினார், மடித்தார். அடுத்தது. ஆரஞ்சு ஒரு அடுக்கு, நீலம் ஒரு அடுக்கு.

பேத்தி தேடிக்கொண்டு வந்தபோது ஒரு ரயில் போயே விட்டது. தாத்தா நாலாவது அடுக்கைத் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தார்.

“இந்த சீசனுக்கு மாம்பழக் கலர்தான் ஓட்டம், பாப்பா. மேல படிக்கிறதுன்னா அதுல எடு.”