போய்ச் சேராத சேதியின் புகழ்

சேதி வழியே, உன்னைப் புகழ வந்திருக்கிறேன். புகழுக்கு நீ தகுதியானவன்தான்.

2004 டிசம்பர் 26, ஞாயிறு. இலங்கை நேரம் காலை 6.58க்குச் சுமத்திராவுக்கு அப்பால் கடலடி நிலம் அதிர்ந்தது. சுமார் 15 நிமிடத்தில் ஹவாயிலிருந்த பசுபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் முதல் அறிவித்தலை அனுப்பிவிட்டது. அவ்வளவு வேகம் உனக்கு.

ஒழுங்கும் அப்படியே. பசுபிக் நாடுகளுக்கென்று வகுத்த வழியில் நீ பிசகாமல் போனாய். இந்து சமுத்திரத்துக்கு அன்று வழியே வகுக்கப்படவில்லை. வகுக்காத வழியில் நீ கால் வைப்பவனல்ல.

கணினிகளுக்கிடையே சேதி கடத்தும் மென்பொருளான எம்கியூவில் வேலை செய்கிறவர்களுக்கு இந்தக் குணம் தெரியும். ஒரு கியூ மனேஜர் தூரத்து மனேஜருக்கு விடும் சேதி முதலில் டிரான்ஸ்மிஷன் கியூவில் இருக்கும். அங்கிருந்து அதை எடுத்துப்போகும் சேனலை இரு முனையிலும் ஒரே பெயரில் அமைத்திருக்க வேண்டும். அனுப்பும் பக்கம் மட்டும் அமைத்தால் சேதி நகராது. ஆனாலும் அழியாத சேதியென்று குறித்திருந்தால் நீ அதைத் தொலைக்கமாட்டாய். ஓர் எழுத்தும் சிதையாமல் வைத்துக்கொண்டு காத்திருப்பாய். உன் பொறுமை பெரிது.

கடலுக்கு அந்தப் பொறுமை இல்லை. முதல் அறிவித்தலுக்கும் கல்முனைக் கரையில் ஏறிய அலைக்கும் இடையில் ஒரு மணிநேரத்துக்கு மேல் இருந்தது. கரையிலிருந்து மேற்கே, எங்கள் நற்பிட்டிமுனைப் பக்கம், பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தே வந்திருக்கலாம். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மௌத்தானார்கள். எல்லாருக்கும் பெயர் இருந்தது, வீடு இருந்தது. உன் பட்டியலில்தான் இடம் இருக்கவில்லை.

பிறகு நீ வளர்ந்தாய். 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க இடர் முகாமைத்துவச் சட்டம் வந்தது. இடர் முகாமைத்துவ நிலையம் வந்தது. கொழும்பிலிருந்து மாவட்டம், பிரதேச செயலகம், கிராம உத்தியோகத்தர், பள்ளிவாசல் ஸ்பீக்கர் என்று படிப்படியாக இறங்கலாம். ஒவ்வொரு படியும் அடுத்த படியை மட்டும் அறிந்தால் போதும் என்பது உன் அழகு. கரண்ட் இல்லாமல் ஸ்பீக்கர் ஊமையாகக் கிடந்தாலும், மேலேயிருப்பவர் "அனுப்பிவிட்டேன்" என்று மனச்சாட்சியோடு சொல்லலாம்.

உன்னை வரைகிறவர்கள் இனிக் கடற்கரையிலிருந்து கோட்டைத் தொடங்கட்டும். கரைவலை இழுக்கிறவரின் காதிலிருந்து பின்னோக்கி, ஒவ்வொரு படியிலும் வாங்கும் முனை இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு கொழும்பு வரை போகட்டும். பெறுகிறவர் சேதியை எடுத்த பின்பே "கிடைத்தது" என்று பதில் வரச்செய்யும் வசதி எம்கியூவில் உண்டு. அந்தப் பதில் எங்கள் கரையிலிருந்து திரும்பிவரும் நாளில், இதே புகழை மனம் நோகாமல் இன்னொருமுறை சொல்வேன்.