‘சாதாரண நிலைமை’க்கு வழி கேட்டு ஒரு விண்ணப்பம்

மாட்சிமை தங்கிய வாரண்டிப் பிரிவின் சமுகத்துக்கு,

கொடுங்கையூர்க் குடிமகன் தெண்டனிட்டு எழுதிக்கொண்டது. தாங்கள் நலமா என்று கேட்கவில்லை. சர்வீஸ் சென்டர் ஏசியிலேயே தெரிந்துவிட்டது.

நேற்று அந்த ஏசியில், காத்திருந்தவர்கள் அத்தனை பேர் முன்னிலையில், தங்கள் அட்வைசர் தம்பி என் ஃபோர் வீல் வண்டியின் ஜாப் கார்டை உரக்க வாசித்தார்: “பின் டிஃபரன்ஷியல்ல தண்ணி. கஸ்டமர் மிஸ்யூஸ். வாரண்டி வராது.” காபி மெஷின் பக்கம் நின்றவர் என் செருப்பில் சேறு இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது.

இரவே கையேட்டை எடுத்துப் படித்தேன். வேதம்தான்! ‘சாதாரண நிலைமை’யில் டிஃபரன்ஷியலுக்கும் டிரான்ஸ்பர் கேஸுக்கும் 40,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றினால் போதும். அதன் தலையில் ஒரு நட்சத்திரக் குறி. கீழே பொடி எழுத்தில்: தூசி, பாரம், தண்ணீர் என்றால் பாதியிலேயே மாற்று, அச்சு மூழ்கினால் உடனே திறந்து பார்.

அந்தச் சாதாரண நிலைமை என்கிற ஊர் எங்கே இருக்கிறது, ஐயா? மூலக்கடையில் விசாரித்தேன். “அது அடையாறு தாண்டி சார், ஷேர் ஆட்டோ போகாது” என்றார்கள். நான் வெல்டிங் செட்டை ஏற்றிக்கொண்டு மணலி, எண்ணூர், காட்டுப்பள்ளி என்று பிழைப்பவன். குப்பைமேட்டுத் தூசி, அனல் மின் நிலையச் சாம்பல், டிரெய்லர் வரிசையில் முதல் கியரிலேயே நகரும் எக்ஸ்பிரஸ் ரோடு. மழை வந்தால் கேப்டன் காட்டன் கால்வாய் எங்களைத் தேடி வாசலுக்கே வந்துவிடும். நட்சத்திரக் குறிக்குக் கீழேதான் எங்களுக்கு வீட்டு வரியே போடுகிறார்கள்.

வண்டியை எருக்கஞ்சேரி மெக்கானிக் பாயிடம் விட்டேன். அவர் முதலில் மேலே ஆயில் ஊற்றும் பிளக்கைக் கழற்றினார். “அது தொறக்குதான்னு பாக்காம கீழ்ப் பிளக்கத் தொறந்தா, காலி ஹவுசிங்கக் கட்டிப் புடிச்சு அழுவணும் சார்.” பிறகு கீழே கழற்றினார். நாயர் கடை டீ நிறத்தில் டிஃபரன்ஷியலின் கிரவுன் ஆயில் இறங்கியது. பிளக் காந்தத்தில் இரும்புப் பொடி அப்பியிருந்தது. “சூடா ஓடி வந்த ஹவுசிங் ஜில்லுத் தண்ணில எறங்குனா உள்ள காத்து சுருங்கும். மூச்சு விடுற பிரீத்தர் ஓஸ் வழியா தண்ணிய உறிஞ்சிக்கும். அந்த ஓஸ மேல ஏத்திக் கட்டிருந்தா இது வந்திருக்காது சார்.”

அடுத்து முன் ஹவுசிங்குக்குப் போனார். ஃபோர் வீல் போட்டதே இல்லையே, அதைத் திறப்பது எதற்கு என்றேன். இந்த வண்டியில் ஃப்ரீவீல் ஹப் கிடையாது. நான் போட்டாலும் போடாவிட்டாலும் முன் கிரவுன் சுற்றிக்கொண்டேதான் இருக்குமாம். அதையும் திறந்தார். அதே டீ.

தங்கள் விளம்பரத்தில் இந்த வண்டி பானெட் வரை தண்ணீரில் ஆற்றைக் கடக்கிறது. பின்னணி இசை வேறு. ஆற்றில் கடந்தால் சாகசம், எங்கள் எம்.ஆர். நகரில் கடந்தால் மிஸ்யூஸா? பிரீத்தர் வாயை அச்சுக்குப் பக்கத்திலேயே முடித்தது யார், நானா? மழை பெய்தால் நாங்கள் எந்த வழியாக வீட்டுக்குப் போக வேண்டும், பறந்தா? காசு வாங்கும்போது “ஆத்துலயே போவும் சார்” என்று சொன்ன வாய் இப்போது எங்கே போயிற்று?

மன்னிக்க வேண்டும். தங்கள் பெருமை தெரியாமல் பேசிவிட்டேன். ஆயில் விஷயத்தில் எங்கள் வட்டாரத்துக்கே ராசி கிடையாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் மணலி ஆலையிலிருந்து எண்ணூர்க் கழிமுகத்துக்கே எண்ணெய் வந்தது. மீனவர்கள் வாளியில் அள்ளினார்கள். கழிமுகத்துக்கு எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவது என்று சொல்லக் கையேடு இல்லை. ஒருவேளை அதுவும் சாதாரண நிலைமையோ என்னவோ.

ஆகவே, கருணைக் கடலே, இரண்டே வேண்டுகோள். பிரீத்தர் ஓஸைப் பாய் இருபது நிமிடத்தில் ஏற்றிக் கட்டியதுபோல் தொழிற்சாலையிலேயே கட்டி அனுப்பவும். கையேட்டின் அடுத்த பதிப்பில் எங்கள் பின்கோடு போட்டு ‘600118 நிலைமை’ என்று ஒரு பத்தி சேர்க்கவும், படிக்கிற அளவு எழுத்தில்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள மிஸ்யூஸ்

இணைப்பு: பாய் கொடுத்த பில், ஒரு பாட்டில் கிரவுன் ஆயில். டீ என்று நினைத்துத் தங்கள் அட்வைசர் தம்பி குடித்துவிடப் போகிறார். அதற்கும் வாரண்டி கிடையாது.