சித்திரைப் புத்தாண்டும் நெடுந்தூரத் துவிச்சக்கரவண்டிப் பயிற்சியும்: ஓர் ஆராய்ச்சி

துவிச்சக்கரவண்டி மிதித்தல் என்னும் சாஸ்திரம் மேல்நாட்டாரால் வெகு விஸ்தாரமாக ஆராயப்பட்டிருப்பினும், தலையில் மருத்துநீரும் கையில் கைவிசேஷமும் வாங்கிய ஒருவன் அதை எங்ஙனம் அப்பியாசம் செய்வது என்னும் வினாவுக்கு அவர்தம் நூல்களில் விடை கிடையாது. இக்குறையை நிவர்த்திக்க அடியேனுக்குள்ள யோக்கியதை, வந்தாறுமூலையிலே கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வாயிலை மிதித்துக் கடந்துபோகும் வழக்கம் ஒன்றே. ஆயினும், தாம் ஆராய்ந்த பொருளை வாயிலளவு தூரத்திலேனும் கண்டிராத பண்டிதர்கள் பலர் இரண்டு பாகங்களில் நூல் வெளியிட்டிருப்பதை நோக்க, இஃது அற்ப யோக்கியதை அன்று.

முதலில் பூர்வபக்ஷம். மேல்நாட்டார் 2010ஆம் ஆண்டு முதல் ஒரு விரதம் அநுஷ்டிக்கின்றனர்: டிசம்பர் 24 தொடங்கி 31 முடிய, நத்தார்ப் பண்டிகையின் நடுவே, 500 கிலோமீற்றர் மிதித்துத் தீர்ப்பது. எட்டு நாளால் வகுத்தால் நாளொன்றுக்கு அறுபத்திரண்டரை. கணக்கு சுத்தமானது, ஆனால் அவர்களிடம் பஞ்சாங்கம் இல்லை. நமக்கோ சங்கிரமணத்துக்கு முன் நான்கு மணித்தியாலம், பின் நான்கு மணித்தியாலம் விஷு புண்ணியகாலம். அதுவும் வாக்கியத்துக்கு ஒரு நேரம், திருக்கணிதத்துக்கு வேறொரு நேரம். இரண்டையும் சமமாக மதிக்கும் குடும்பத்தில் பிறந்தவன் இரண்டு முறை ஸ்நானம் செய்கிறான். வண்டி ஒருமுறையும் வெளிக்கிடுவதில்லை. உடுக்கவேண்டிய வஸ்திரத்தின் நிறத்தையும் பஞ்சாங்கமே விதிப்பதால், பந்தயச் சட்டையை முன்கூட்டியே வாங்கிவைப்பவன் மூடன்.

வெயில்: சித்திரை மாசத்து வெயில்.

ஏற்றம்: இல்லை.

இனிப் பாதை. கிரானிலிருந்து தெற்கே சந்திவெளி, முறக்கொட்டான்சேனை, சித்தாண்டி, வந்தாறுமூலை, செங்கலடி, ஏறாவூர் என்று மட்டக்களப்பு மட்டும் தரை சமமாகக் கிடப்பதால், பூகோள சாஸ்திரப்படி இங்கே வேகத்துக்கு யாதொரு பிரதிபந்தமும் இல்லை. உள்ள பிரதிபந்தமெல்லாம் பந்துக்களே. 1891இல் தொடங்கிய பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் ஓட்டத்தில் ஏறத்தாழ 1,200 கிலோமீற்றரை 90 மணித்தியாலத்துள் கடப்பவர், வழியிலுள்ள சாவடிதோறும் இறங்கி, தம் அட்டையில் முத்திரை குத்துவித்துக்கொண்டே மேலே செல்லவேண்டும் என்பது விதி. இவ்வீதியிலே சாவடி என்றால் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்ற தலைமுறை நாங்கள். ஆதலால் அவ்விதி எங்களுக்குப் புதிதன்று. அச்சாவடிகளில் முறுக்குக் கொடுத்ததில்லை என்பது ஒன்றே வித்தியாசம்.

புத்தாண்டுச் சாவடியின் இலக்கணம் வருமாறு. வண்டியைவிட்டு இறங்காமல் படலையடியிலேயே வாழ்த்துச் சொல்லி அப்பாற் போவது செல்லாது. ‘வருசத்துக்கு வந்திட்டு ஒரு வாய் தின்னாமப் போறதா மனே?’ என்பது மூலபாடம் (மாமி, வாய்மொழி). ஒரு வாய் என்பதன் அளவை உரைகாரர் பலவாறு கொள்வர். அரியதரம் இரண்டு, பயற்றம் பணியாரம் இரண்டு, கொக்கிஸ் கணக்கில் சேராது என்பதே துணிபு (மாமி, வாய்மொழி, அச்சு எண்ணெயில் இருக்கையில்). ‘பயிற்சிக்குப் போகிறேன்’ என்னும் சமாதானம், ‘அதுக்குத்தானே தெம்பு வேணும்’ என்னும் ஒரே வாக்கியத்தால் கண்டிக்கப்பட்டுவிடும் (மாமி, மேற்படி, திருந்திய பதிப்பு, அடுக்களைப் படியில் நின்று பக்கத்து வளவுக்கும் கேட்க மொழிந்தது, சின்னம்மாவின் மறுப்புரையும், அம்மறுப்புரைக்கு விடையாக மாமி வெங்காயம் உரித்துக்கொண்டே சாதித்த நீண்ட மௌனமும் அநுபந்தத்திற் காண்க). ஒரு சாவடியில் உண்டு அடுத்ததில் உண்ணாது விட்டால் விளைவது பசியன்று, வழக்கு. அது அடுத்த வருஷம் மட்டும் நடக்கும். ஆகவே எத்தனை கிலோமீற்றர் மிதிக்கலாம் என்பதை நிர்ணயிப்பது காலின் வலிமையன்று, வழியிலுள்ள உறவின் அடர்த்தியே என்று பெறப்படும். செங்கலடியைத் தாண்டியவன் ஒன்றில் வீரன், அன்றேல் குடும்பத்தோடு கோபம்.

சக்கரத்தில் ஆணி ஏறுதல் பற்றியும் சொல்லவேண்டும். வருஷப்பிறப்பன்று தமிழ் ஊர்களில் ஒட்டுப்போடும் கடைகள் பூட்டியே கிடக்க, ஏறாவூரிலும் ஓட்டமாவடியிலும் முஸ்லிம் சகோதரர்களின் கடைகள் திறந்திருக்குமாதலால், ஆங்கே ஏறுவது உத்தமம். சித்தாண்டியில் ஏறுவது மத்திமம். மாமி வீட்டுப் படலையடியில் ஏறுவது அதமம், மத்தியானச் சோறும் தின்னவேண்டி வரும்.

இத்தனை பயிற்சியும் எதற்கென்றால், வழுக்குமரத்துக்கும் முட்டி உடைத்தலுக்கும் முன்பாக, விளையாட்டு விழாவன்று காலையில் நடக்கும் துவிச்சக்கரவண்டி ஓட்டத்துக்கு. அதில் முன்னுக்கு வருபவர், பின்னே பெட்டி கட்டிய பழைய லுமாலாவில் வருஷம் முழுதும் மீன் விற்கும் வியாபாரியே. பயிற்சி என்னும் பதத்தை அவர் கேட்டதில்லை. எங்கள் ஆராய்ச்சி நூல்களில் அவரைப் பற்றிய குறிப்பும் இல்லை. இரு தரப்பும் இவ்வகையில் சமன்.

மேற்கே கிரான் பாலத்தைத் தாண்டிப் புலிபாய்ந்தகல் செல்லும் வீதி, மாரியில் வெள்ளம் மூடித் தோணியிற் போகவேண்டியதாயினும், சித்திரையில் காய்ந்து, மிதிக்க வெகு உகந்ததாகக் கிடக்கும். அங்கே உறவினர் எவரும் இல்லாமையால், நெடுந்தூரப் பயிற்சிக்கு இப்பிரதேசத்தில் எஞ்சியுள்ள ஒரே திசை அதுவே என்று முடிபுகூறி இவ்வாராய்ச்சியை நிறைவுசெய்ய எண்ணியிருந்தேன். ஆயின் அத்திசையிலே எனக்கொரு சம்பந்தம் பேசப்படுகிறதாம் (மாமி, அச்சில்).