பழம் 35 சென்ட், காகிதம் 62 லட்சம்

2024 நவம்பர் 20 அன்று நியூயார்க் சோத்பீஸ் ஏலத்தில், சுவரில் டேப் போட்டு ஒட்டிய ஒரு வாழைப்பழம் 62 லட்சம் டாலருக்குப் போனது. செய்தவர் இத்தாலியக் கலைஞர் மவுரிசியோ கட்டெலான். படைப்பின் பெயர் ‘கமீடியன்’.

இதைப் பழம் என்பது பாமரத்தனம். பழம் அழுகினால் வேறு பழம், டேப் பழுதானால் வேறு டேப். காசு கொடுத்தவருக்கு உண்மையில் கிடைப்பது ஒரு சான்றிதழும், எப்படி ஒட்டுவது என்ற குறிப்பும்தான். 2019-இல் மயாமி கண்காட்சியில் 1,20,000 டாலர் விலை சொன்ன சரக்கு, ஐந்தே ஆண்டில் ஐம்பது மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. பழம் கனிந்ததா, பணம் கனிந்ததா?

வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவதுபோல் கட்டெலான் கலைச்சந்தையைக் குத்திவிட்டார் என்று மெச்சினார்கள். குத்துப்பட்டவர்களே முண்டியடித்துக்கொண்டு ஊசிக்கும் சேர்த்து விலை கேட்டார்கள்! இது புதிதும் அல்ல: 2018-இல் ஏலம் முடிந்த கையோடு பிரிட்டிஷ் தெருவோவியர் பாங்க்ஸி தன் ஓவியத்தைக் கிழியவைத்தார். அன்று அது 10 லட்சம் பவுண்டு. 2021-இல் கிழிசலின் விலை 1 கோடியே 86 லட்சம்.

பழத்தை வாங்கியவர் கிரிப்டோ வியாபாரி ஜஸ்டின் சன். தன் நாணயத்தைத் தானே வாங்கி விற்று விலைக்கு முட்டுக்கொடுத்தார் என்று 2023-இல் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் அவர்மீது வழக்குப் போட்டது, அவர் மறுத்தார். நாணயத்தில் அப்படிச் செய்தால் வழக்கு. கலையில்? 2007-இல் பிரிட்டிஷ் கலைஞர் டேமியன் ஹர்ஸ்டின் வைரம் பதித்த மண்டையோடு 5 கோடி பவுண்டுக்கு விற்றதாக அறிவித்தார்கள். வாங்கிய கூட்டணியில் ஹர்ஸ்டும் ஒரு பங்காளி! உலகம் அதைச் சாதனை என்று எழுதிக்கொண்டது.

வாழைப்பழ ஏலம் முடிந்து சில நாள் கழித்து ஹாங்காங்கில் பத்திரிகையாளர்களைக் கூட்டிவைத்து சன் பழத்தை உரித்துத் தின்றார். காகிதம் பத்திரமாக இருக்கிறதே, வயிற்றுக்குள் போனால் என்ன?

ஏலத்துக்கு வைத்த பழம் பக்கத்துத் தெருவோரக் கடையில் 35 சென்டுக்கு வாங்கியது. விற்ற பெரியவர் வங்கதேசத்திலிருந்து வந்தவர், மணிக்கு 12 டாலர் கூலி. ஏல விலையைக் கேட்டு அழுதுவிட்டார். உடனே சன்னுக்கு இரக்கம் பொங்கியது: அதே கடையில் ஒரு லட்சம் பழம் வாங்குவேன் என்று அறிவித்தார். வாங்கினாலும் காசு போவது கடை முதலாளியின் கைக்கு. பெரியவர் அங்கே கூலியாள்தான்.

அந்த ஏலத்தில் சோத்பீஸ் எடுத்துக்கொண்ட கட்டணம் மட்டும் 10 லட்சம் டாலருக்கு மேல். வாரத்துக்கு 40 மணி நேரம் கடையில் நின்றால், அந்தத் தொகையை அவர் கூலியாகப் பார்க்க 40 ஆண்டுக்கு மேல் ஆகும். அவருக்கு அப்போதே வயது 74.